கை பழகும் கல்வி

மனித உறுப்புகளுள் தலைமை வாய்ந்தது மூளை. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள அம்மெல்லிய பொருளே நம்மை நடக்கவும் நகைக்கவும் செய்கின்றது. தாயின் முகத்தை நினைவில் நிறுத்துகின்றது. கற்ற பாட்டை வேண்டும்போது நாவிற்குக் கொணர்ந்து தருகின்றது. இத்துணை அருமையான பொருளை இயற்கை வாளா விடவில்லை. கெட்டியான எலும்புப் பேழையினுள் வைத்து, மூன்று சவ்வுகளால் போர்த்து, தெளிந்த நீர்மத்தில் மிதக்கவிட்டுக் காத்து வருகின்றது. அப்பேழையைத் திறந்து உள்ளே கத்தி வைத்தல் எளிய செயலா? அதனைச் செய்வோர் அக்கலையை எங்ஙனம் கற்கின்றனர்? இவற்றிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

ஓர் இரவு நிகழ்ச்சியை மனக்கண்முன் கொண்டு வருவோம். தலைக்கவசம் அணியாது இருசக்கர வண்டியில் சென்று கீழே விழுந்த இளைஞன் ஒருவன் பெரிய மருத்துவமனை ஒன்றுக்குக் கொண்டுவரப்படுகின்றான். வந்தவுடன் தன் பெயரையும் ஊரையும் தெளிவாகச் சொல்கின்றான். 'பிள்ளைக்கு ஒன்றும் இல்லை' என்று பெற்றோர் ஆறுதல் கொள்கின்றனர். சிறிது நேரத்தில் அவன் பேச்சுக் குழறுகின்றது, கண் சொருகுகின்றது, ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து நிற்கின்றது. மண்டையோட்டின் உட்புறத்தை ஒட்டிச் செல்லும் குருதிக் குழாய் கிழிந்து, எலும்புக்கும் சவ்வுக்கும் இடையே குருதி தேங்கி, மூளையை நெருக்குகின்றது. காலத்தே ஓட்டைத் திறந்து அக்குருதியை அகற்றினால் அவன் எழுந்து நடத்தலும் கூடும். காலம் தாழ்த்தினால் உயிர் தங்காது.

அந்நள்ளிரவில் அவன் அருகே விழித்து நிற்பவர் பெரும்பாலும் இன்னும் பயிற்சி முடியாத இளைய மருத்துவரே ஆவர். 'கற்றுக்கொண்டிருப்பவர் கையில் என் மகன் உயிரை ஒப்படைப்பதா?' என்று தாய் கேட்பின், அக்கேள்வியில் நியாயம் உண்டு. ஆயின், கற்பவர்க்கு ஒருபோதும் கத்தி தரப்படாவிடின், நாளை அறுவை மருத்துவரே இல்லாமற் போவர் அன்றோ? இவ்விரு நியாயங்களையும் ஒருங்கே காக்கும்பொருட்டு அமைந்ததே மருத்துவமனை உறைவிடப் பயிற்சி என்னும் முறை.

இம்முறை தோன்றிய வரலாறு அறியத்தக்கது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே அறுவை மருத்துவத் தலைவராய் விளங்கியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். அறுவை மருத்துவம் சில மாதம் பார்த்துப் பழகி முடிப்பதற்குரியதன்று. ஆண்டுகள் பல மருத்துவமனையிலேயே தங்கி, நோயாளரோடு வாழ்ந்து, படிப்படியாகப் பொறுப்பேற்றுக் கற்கவேண்டியது என்று அவர் கருதினார். ஜெர்மனி நாட்டு மருத்துவமனைகளில் தாம் கண்ட பயிற்சி முறையைத் தழுவித் தம் மருத்துவமனையிலும் ஒரு முறையை வகுத்தார். அங்கேயே உறைந்து கற்றமையால் அவ்விளைஞர்கள் உறைவிட மருத்துவர் எனப்பட்டனர். ஆசிரியர் இல்லத்தில் தங்கி, அவர்க்குப் பணி செய்து, பாடங் கேட்ட நம் பண்டைக் குருகுல முறையை இது நினைவூட்டும்.

ஹால்ஸ்டெட்டிடம் அங்ஙனம் பயின்றவருள் ஒருவர் ஹார்வி குஷிங். மூளை அறுவை மருத்துவத்தைத் தனித்துறையாக நிலைபெறச் செய்தவருள் முதல்வராக அவரைப் போற்றுவர். குருதி பெருகாமல் தடுக்கச் சிறு வெள்ளிக் கவ்விகளை 1911 இல் அவர் அறிவித்தார். மின்னாற்றலால் குருதிக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் கருவியை 1926 முதல் கையாண்டார். 1931 ஆம் ஆண்டளவில் அவர் அறுவை செய்த மூளைக் கட்டிகளின் எண்ணிக்கை 2,000 ஐ எட்டியது. குஷிங்கிடம் பாஸ்டன் நகரத்தில் இளமையிற் பயின்றவர் வில்டர் பென்பீல்டு. அவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1934 இல் நரம்பியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அறுவை நடக்கும்போதே நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளையின் எப்பகுதி எவ்வுறுப்பை இயக்குகின்றது என்று ஆராய்ந்து காட்டிய பேரறிஞர் அவர்.

அப்பென்பீல்டிடம் கற்க நம் நாட்டிலிருந்து சென்றவர் ஜேக்கப் சாண்டி. கேரளத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் படித்தவர் அவர். கடல் கடந்து கற்ற கல்வியோடு தாயகம் திரும்பி, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 ஆம் ஆண்டு நரம்பியலுக்கும் நரம்பு அறுவை மருத்துவத்திற்கும் உரிய துறையைத் தோற்றுவித்தார். இந்தியாவில் இத்தகைய துறை அதுவே முதலாவது. ஹால்ஸ்டெட்டிடமிருந்து குஷிங், குஷிங்கிடமிருந்து பென்பீல்டு, பென்பீல்டிடமிருந்து சாண்டி என்று ஆசிரிய மாணவ வழிமுறை அறாது வந்து வேலூரை அடைந்தமை காண்க. நூலை மட்டும் கற்பதாயின் நூலகமே போதும். கைவினை கற்க ஆசிரியர் வேண்டும் என்பதற்கு இவ்வழிமுறையே சான்று.

அடுத்த ஆண்டே சென்னையிலும் இத்துறைக்கு வித்து ஊன்றப்பட்டது. சீர்காழியிற் பிறந்த பா. இராமமூர்த்தி, இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் ரோபாதம் என்னும் ஆசிரியரிடம் பயின்று திரும்பி, 1950 ஆம் ஆண்டு சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பணியைத் தொடங்கினார். சாண்டி, இராமமூர்த்தி உள்ளிட்ட நால்வர் கூடி 1951 இல் இந்திய நரம்பியல் சங்கத்தையும் நிறுவினர்.

இவ்விருவரும் நோயைத் தீர்த்ததோடு அமைந்திருப்பின், அவர்தம் கலை அவரோடே மறைந்திருக்கும். அவர்கள் செய்த பெருந்தொண்டு வேறு. 'நம் பிள்ளைகள் இக்கலையைக் கற்க இனியும் கடல் கடத்தல் வேண்டா' என்னும் நிலையை உண்டாக்க முயன்று, 1950 களிலும் 1960 களிலும் இங்கேயே முறையான பயிற்சிக்கு வழி வகுத்தனர். அப்பயிற்சியிற் சென்னையில் வளர்ந்தவருள் ஒருவர் தஞ்சாவூர் சந்தானகிருஷ்ண கனகா. 1968 ஆம் ஆண்டு நரம்பு அறுவை மருத்துவத்தில் எம்.சிஎச். பட்டம் பெற்று, இந்தியாவின் முதற்பெண் நரம்பு அறுவை மருத்துவர் என்னும் பெருமைக்கு உரியவரானார். பெண்கள் அறுவைக் கூடத்துள் நுழைவதே அரிதாக இருந்த காலத்தில் அவர் பெற்ற வெற்றி, பின் வந்த பெண்கள் பலர்க்குக் கதவு திறந்தது.

இனி, இக்காலத்தில் இக்கல்வியைப் பெறும் வழியைக் காண்போம். பள்ளியிறுதித் தேர்வுக்குப்பின் எம்.பி.பி.எஸ். படிப்பும், அதனோடு சேர்ந்த ஓராண்டுப் பயிற்சியுமாக ஐந்தரை ஆண்டுகள் கழியும். அதன்பின் இருவழிகள் உள. பொது அறுவை மருத்துவத்தில் மூன்றாண்டு எம்.எஸ். பட்டம் பெற்று, மேலும் மூன்றாண்டு நரம்பு அறுவை மருத்துவத்தில் எம்.சிஎச். பயிலுதல் ஒருவழி. எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் நேரே ஆறாண்டுப் பயிற்சியில் சேர்தல் மற்றொரு வழி. எவ்வழிக்கும் கடுமையான நுழைவுத் தேர்வு உண்டு. எவ்வழியிற் சென்றாலும் பயிற்சி முடியும்போது மாணவர்க்கு வயது முப்பதை நெருங்கியோ கடந்தோ இருக்கும். அமெரிக்காவில் இவ்வுறைவிடப் பயிற்சி மட்டுமே ஏழாண்டு நடைபெறுகின்றது.

இத்துணை ஆண்டுகளில் அவர்கள் கற்பது யாது? பழைய திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் குழந்தையின் விரலைப் பற்றி மணலில் எழுதுவித்தார். பின்னர்க் குழந்தை தானே மணலில் எழுதியது. மணலிற் பிழைத்தால் அழித்து எழுதலாம்; ஓலையிற் கீறிய கீற்று அழியாது. ஆதலின், மணலில் விரல் திருந்திய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கையிற் கொடுத்தனர். உறைவிடப் பயிற்சியின் அடிப்படையும் இதுவே.

முதற்கண் மாணவர் கற்பது கத்தியன்று; கண்ணாற் காணும் கல்வி. படுக்கையருகே நின்று நோயாளியை உற்றுநோக்கப் பழகுகின்றார். அவர் கண் திறக்கின்றாரா, வினவியதற்கு விடை தருகின்றாரா, சொன்னபடி கைகால் அசைக்கின்றாரா என்று பார்த்து, நினைவின் நிலையை எண்ணால் குறிக்கின்றார். கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் 1974 இல் வகுத்த அவ்வளவையில் 15 என்பது முழு நினைவு. 3 என்பது மிகத் தாழ்ந்த நிலை. இரவில் மணிதோறும் இவ்வெண்ணைக் குறித்து வரும் இளைய மருத்துவர், 15 ஆக இருந்தது 13 ஆகக் குறைந்தவுடன் மூத்தோரை எழுப்புகின்றார். நாம் முன்னர்க் கண்ட இளைஞனின் உயிர் பிழைப்பது கத்தியால் மட்டுமன்று. இங்ஙனம் காலமறிந்து கண்டு சொன்ன விழிப்பாலும் ஆகும்.

இரண்டாவது, ஆய்வுக்கூடப் பயிற்சி. மூளையின் குருதிக் குழாய்களுட் பல மிகச் சிறியன. ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள குழாயையும் அறுவை மருத்துவர் இணைத்துத் தைக்க நேரும். அதற்குரிய நூல் தலைமயிரினும் மெல்லியது. வெறுங்கண்ணுக்குத் தோன்றாத அத்தையலை நுண்ணோக்கி வழியே பார்த்துத் தைக்கவேண்டும். இந்நுண்கலையில் வழிகாட்டியவர் துருக்கியிற் பிறந்த காசி யாசர்கில். சுவிட்சர்லாந்தில் அறுவை மருத்துவராய் விளங்கிய அவர், நாற்பது வயதளவில் மீண்டும் மாணவராகி, 1965 இல் அமெரிக்காவில் பர்லிங்டன் நகரத்து ஆய்வுக்கூடத்திற்குச் சென்றார். ஓராண்டுக்கு மேல் அங்கே சிறு விலங்குகளின் குருதிக் குழாய்களைத் தைத்துப் பழகினார். சூரிக் நகரம் திரும்பிய பின், 1967 இல் மண்டைக்கு வெளியே உள்ள குருதிக் குழாயை மூளையின் குழாயோடு இணைக்கும் அரிய அறுவையைச் செய்து வெற்றி கண்டார். தேர்ந்தவரே மீண்டும் மாணவராய் அமர்ந்தார் எனின், தொடக்க நிலையில் உள்ளோர் பயிற்சிக்குச் சலிக்கலாமோ?

இன்றைய மாணவர் பலர் கோழி இறக்கையில் உள்ள சிறு குருதிக் குழாயை நுண்ணோக்கியின்கீழ் வைத்துத் தைத்துப் பழகுகின்றனர். கை நடுங்கினால் நூல் அறும். ஊசி சிறிது தவறினால் குழாய் கிழியும். கிழிந்தால் அழுவாரில்லை, மறுபடியும் தைக்கலாம். இதுவே அவர்தம் மணற்பரப்பு. இவையன்றி, இறந்தபின் தம் உடலைக் கல்விக்காக ஈந்தோரின் உடல்களிலும் எலும்பைத் துளைக்கவும், நரம்புகளுக்கு ஊறு நேராது ஆழ்ந்து செல்லவும் கற்கின்றனர். பேசாது கற்பிக்கும் ஆசிரியர் அவர். உயிரோடிருப்பார் ஒருவரையும் வருத்தாமல் ஒரு மாணவர் கை தேறியதென்றால், அதற்கு முகமறியாத அவ்வள்ளலுக்கும் நாம் கடப்பாடுடையோம்.

மூன்றாவது, அறுவைக் கூடத்துப் பயிற்சி. இங்கும் படிகள் உள. முதலில் நோயாளியின் தலையை உரிய கோணத்தில் நிறுத்தவும், கழுத்துக்கு வருத்தம் நேராது தாங்கவும் கற்கின்றார். பின்னர்த் தோலைத் தைத்து மூடுகின்றார். அதன்பின் தோலைத் திறக்கின்றார், எலும்பைத் துளைக்கின்றார், சவ்வை வெட்டுகின்றார். ஆண்டுகள் சென்றபின்னரே மூளையினுள் உள்ள கட்டியைத் தொடும் உரிமை அவர்க்குக் கிடைக்கின்றது. ஒவ்வொரு படியிலும் ஆசிரியர் எதிரே நிற்பார். மாணவர் கை தடுமாறுமாயின் அவர் கை முன்வரும். தாம் கண்ட அறுவை எத்தனை, துணைநின்றவை எத்தனை, மேற்பார்வையில் தாமே செய்தவை எத்தனை என்று மாணவர் தம் பதிவேட்டில் ஒன்றுவிடாமற் குறித்து ஆசிரியரிடம் ஒப்பம் பெறவேண்டும்.

அறுவை மருத்துவர்க்கு அறுவை மட்டும் தெரிந்தாற் போதாது. ஆதலின் சில மாதங்கள் பிற துறைகளுக்கும் அவர் அனுப்பப்படுவார். நரம்பியல் துறையில், மருந்தாலே தீரும் நோய்களை அறிகின்றார். கதிர்ப்படத் துறையில், சி.டி. முதலிய ஸ்கேன் படங்களைப் படிக்கக் கற்கின்றார். நோய்க்குறியியல் துறையில், வெட்டியெடுத்த கட்டியின் தன்மையை நுண்ணோக்கியிற் காண்கின்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக் கருவியின் துணையோடு உயிர் தாங்குவாரைப் பேணுகின்றார். முதுகுத் தண்டுவட நோய், குழந்தைகளுக்கு வரும் மூளைநோய் முதலிய பிரிவுகளும் உள. இவற்றோடு ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து கட்டுரையும் எழுதுகின்றார்.

இப்பயிற்சியில் மிக அருமையானதொரு பகுதி உண்டு. பயிற்சி தரும் மருத்துவமனைகளில் மருத்துவர் யாவரும் குறித்த காலங்களில் ஒன்றுகூடி, இறந்தோரையும் இடருற்றோரையும் பற்றி ஆராய்வர். 'ஏன் இவ்வாறு நேர்ந்தது? வேறு செய்திருக்கலாமோ? இனி எங்ஙனம் தவிர்ப்பது?' என்பனவே அங்கு எழும் வினாக்கள். அறுவை செய்தவர் எழுந்து நின்று நடந்ததை நடந்தவாறே கூறவேண்டும். பேராசிரியரும் இதற்கு விலக்கல்லர். தம் பிழையை மறைப்பது மனித இயல்பு. ஆயின், இங்கு ஒருவர் மறைத்த பிழை மற்றொருவர் கையில் மீண்டும் நிகழும். அதற்கு விலை ஓர் உயிர். ஆசிரியரே தம் தவற்றை அவையில் ஒப்புக்கொள்வதைக் காணும் மாணவர், எந்நூலும் கற்பிக்க இயலாத பாடம் ஒன்றைக் கற்றுக்கொள்கின்றார்.

அறுவை செய்யக் கற்றலினும் அரியது, அறுவை செய்யாதிருக்கக் கற்றல். சில கட்டிகள் பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய பகுதிகளோடு பிணைந்திருக்கும். அவற்றை முழுதும் எடுக்க முயன்றால் உயிர் நிற்கும். நோயாளியோ ஊமையாய், கைகால் இழந்தவராய் வாழ நேரும். எவ்வளவு எடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்யும் அறிவு நெடுநாட் பழக்கத்தால் வருவது. இனிச் செய்வதற்கொன்றில்லை என்னும் நிலையில், பெற்றோரை அமரச்செய்து, உண்மையை மறைக்காமலும் உள்ளத்தைப் புண்படுத்தாமலும் எடுத்துரைப்பதும் மாணவர் கற்கவேண்டிய கலையே.

இவ்வாழ்க்கை கடினமானது என்பதை மறைத்தல் கூடாது. இரவுப் பணி இடையறாது வரும். திருவிழா நாளிலும் வீடு செல்ல இயலாது போகும். களைத்த கை தவறும் ஆதலின், அமெரிக்காவில் 2003 முதல் உறைவிட மருத்துவரின் பணிநேரத்தைச் சராசரியாக வாரத்திற்கு 80 மணி என்று வரையறுத்தனர். நேரத்தைக் குறைத்தால் கைப்பழக்கம் குறையும் என்பர் சிலர். உறங்காதவர் கையில் நோயாளியை விடுதல் அறமன்று என்பர் சிலர். பழகுவதற்குப் பொழுதும் வேண்டும். பிழையாதிருக்க உறக்கமும் வேண்டும். இரண்டையும் பொருத்துவது பயிற்சி தருவோரின் கடமை.

இனி, அந்நள்ளிரவுக்குத் திரும்புவோம். இளைஞனின் தலை அறுவைக்கு ஆயத்தமாகின்றது. கத்தியைப் பிடித்தவர் பயிற்சியில் உள்ளவரே. ஆயின், அவர் தனியே நிற்கவில்லை. அவர் எதிரே மூத்த மருத்துவர் நிற்கின்றார். அவ்விருவர் செயலுக்கும் பேராசிரியர் பொறுப்பு நிற்கின்றார். அவர் கையில் கோழி இறக்கையிலும், ஈந்தோர் உடலிலும், முன்னே மேற்பார்வையிற் செய்த அறுவைகளிலும் பெற்ற பழக்கம் இருக்கின்றது. தம்மால் இயலாத இடத்தில் 'ஐயா, நீங்கள் வாருங்கள்' என்று அழைக்கக் கூசாத பணிவும் இருக்கின்றது. தாயின் கேள்விக்கு இப்பயிற்சி தரும் விடை இதுதான். கற்பவர் கையில் உயிரை ஒப்படைத்தல் தவறன்று. துணையின்றி, படிகடந்து, காலத்திற்கு முன்னே ஒப்படைத்தலே தவறு.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை மருத்துவராகலாம். பலர் வேறு தொழில் மேற்கொள்ளலாம். எத்தொழிலாயினும் அதற்கும் ஒரு மணற்பரப்பு உண்டு. ஓர் ஓலையும் உண்டு. மணலில் மனமாரப் பிழை செய்து, திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள். ஓலை கைக்கு வரும் நாளில் உங்கள் விரல் நடுங்காது.